பிசிறு எடுக்கப்பட்ட தொண்ணூற்று நான்கு பாகங்கள்

இதை எழுதுவதற்கு முதல் காரணம், இனி இதை வாயால் சொல்ல வேண்டியிருக்காது என்பதுதான். மருத்துவமனையில் இருந்த பதினெட்டு நாட்களில் என்னைப் பார்க்க நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். எண்ணினேன். படுத்த படுக்கையில் எனக்கு வேறு வேலை இல்லை. அப்பா அம்மா தவிர மற்றவர்கள் வார்டுக்குள் வர ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான் என்பதால் எங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், கீழே வரிசையில் நின்று அந்த ஒரே பாஸைக் கைமாற்றி ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். எல்லோரும் ஒட்டுமொத்தமாக வந்திருந்தால் ஒரு தடவை சொல்லி முடித்திருப்பேன். ஒவ்வொருவராக வந்ததால் நாற்பத்து மூன்று தடவை முதலில் இருந்து சொன்னேன். வராமல் இருக்கவும் அவர்களால் முடியாது. சீக்காகப் படுத்திருந்தபோது எட்டிப் பார்க்கவில்லை என்ற பேச்சு எங்கள் பக்கம் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

இரண்டாவது காரணம், இதே நோய் வந்து, விரல் எப்போது திரும்பி வரும் என்று யாராவது தேடிக்கொண்டிருக்கலாம். நான் தேடியபோது பயம்தான் கிடைத்தது.

எனக்கு இருபத்தேழு வயது. பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் எஞ்சினியர். வீடு போத்தனூரில். வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் லேத் பட்டறை. அந்தப் பட்டறையில் இருந்து பிசிறோடு ஒரு உதிரிபாகம்கூட வெளியே போனதில்லை. கடைசி பீஸ் வரை அப்பா விரல் நுனியால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

ஒரு வாரக் கடைசியில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. தானாக நின்றது. எட்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை கால்விரல்களில் மரமரப்பு. புதன்கிழமை அது முழங்கால் வரை ஏறியது. வியாழக்கிழமை சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. முதலில் பார்த்த டாக்டர் வைட்டமின் பற்றாக்குறை என்றார். இரண்டாவது டாக்டர் என் வேலையைக் கேட்டார், சொன்னேன், அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தா கழுத்து இப்படித்தான் ஆகும்" என்று பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார். வயிற்றுப்போக்கைப் பற்றி நானாகச் சொன்னதை இருவருமே எழுதிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை, கழுத்துப் பட்டையோடு வீட்டு வாசற்படியில் விழுந்தேன். கால் தடுக்கவில்லை. முழங்கால் சும்மா மடங்கிக்கொண்டது.

பெரிய மருத்துவமனையின் நரம்பியல் டாக்டர் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார், "சமீபத்துல வயித்துப்போக்கு ஏதாச்சும் இருந்துச்சா?" அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையைத் தூக்க முடிந்திருந்தால்.

நோயின் பெயர் கியான்-பாரே. வயிற்றில் புகுந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, வேலை முடிந்த பிறகும் நிற்காமல் நம் நரம்புகளையே அடிக்கிறது. நரம்பின் மேல் ஒரு உறை இருக்கிறது. அது உரிந்துபோனால் மூளை அனுப்பும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. டாக்டர் இதை இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் காயில் கருகற மாதிரி கருகிப்போச்சுங்கறாரா கண்ணு?"

"கருகலீங்கப்பா. கம்பி நல்லா இருக்குது. மேல இருக்கற எனாமல் உரிஞ்சிருக்கு. அதுவே திரும்பப் பூசிக்கும். மெதுவா."

மோட்டார் சுற்றிப் பழகிய ஊர்க்காரருக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு வந்த ஒறம்பரை எல்லோருக்கும் அவர் 'எனாமல்' என்றே சொன்னார். அன்னூர்ப் பெரியப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனாமலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருதான்" என்று இரண்டாவது டாக்டரோடு சேர்ந்துகொண்டார்.

பரிசோதனைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, கையிலும் காலிலும் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து நரம்பில் அது ஓடும் வேகத்தை அளப்பது. வலிக்கும், ஆனால் சகிக்கலாம். இரண்டாவது, இறால் மாதிரி சுருண்டு படுக்க வைத்து முதுகுத்தண்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுப்பது. இதற்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். நர்ஸ் பேனாவைக் கொடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். விழுந்தது.

"பரவால்லீங்க மேடம், கைநாட்டு வெச்சுக்கலாம்" என்று மைப்பெட்டியை எடுத்து வந்தார். கம்பெனியில் வாரத்துக்கு இருபது வரைபடங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவளின் கட்டைவிரலை அவரே பிடித்து, மையில் உருட்டி, தாளில் அழுத்தினார். அப்பா அந்த நேரம் முழுவதும் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் வழிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த நோயில் உண்மையான பயம் மூச்சு. உரிவது மேலே ஏறி நெஞ்சுத் தசைக்கு வந்தால் வென்டிலேட்டர். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரே மூச்சில் எத்தனை எண்ணுகிறேன் என்று பார்ப்பார்கள். முதல் நாள் இருபத்தெட்டு. மறுநாள் காலை இருபத்து மூன்று. மதியம் பத்தொன்பது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மட்டும் அதுவரை எல்லாத் தடவையும் இங்கிலீஷில் எண்ணினேன் என்பதையும், மதியம் வந்த நர்ஸ் "தமிழ்லயே எண்ணுங்க" என்றதையும் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு என்று சொல்ல எவ்வளவு காற்று செலவாகிறது!

"சிஸ்டர், அளவுகோலை நடுவுல மாத்தினா ரீடிங் செல்லாது. திரும்ப இங்கிலீஷ்ல எடுங்க."

எடுத்தார். இருபத்திரண்டு. குறைந்துதான் இருந்தது, ஆனால் விழவில்லை. இனி எந்த மொழியில் எடுத்தார்கள் என்பதையும் சார்ட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அதன் பிறகு எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போகவே இல்லை.

மருந்து ஐந்து நாள். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம், பாட்டில் பாட்டிலாக, மிக மெதுவாகச் சொட்டும். அதன் விலையை அப்பா எனக்குச் சொல்லவில்லை. விலை அச்சிட்ட பக்கம் என் கண்ணில் படாதபடி பாட்டில்களைத் திருப்பி மாட்டச் சொல்லியிருந்தார். நான் ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆறாம் நாள் கால்விரல் அசைந்தது. அதில் இருந்து எனக்கு நோயை விடப் பெரிய தொந்தரவு உதவி. ஸ்பூனை நான் பிடிக்கும் முன்பே அம்மா பிடித்தாள். அம்மா இல்லாவிட்டால் பாஸோடு வந்திருந்த ஆள் பிடித்தார். யாரென்றே தெரியாத ஒரு அத்தை என் வாயைத் துடைத்து, தலைவாரி, பொட்டும் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் டம்ளரை நான் நடுங்கும் கையால் நெருங்குவதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "உடு கண்ணு, நானிருக்கறப்ப உனக்கென்ன" என்பார்கள். நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு வேலையே இல்லை.

பதினெட்டாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்றரை மாதத்தில் வாக்கர் போனது. பேருந்துப் படி ஏற முடிந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப் போய்த் தொட்டுவிட்டு, நடுவில் எதுவும் நிற்காமல் விலகிக்கொள்ளும். "ஒரு வருஷம் வரைக்கும் முன்னேற்றம் இருக்கும். எவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எவ்வளவு என்று சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் போட முடியாது. என் வேலையில் பாதி மவுஸ், மீதி பாதி சின்னச் சின்ன மாதிரிப் பாகங்களைக் கையில் எடுத்துப் பொருத்திப் பார்ப்பது. அந்தப் பாதி போய்விட்டால் நான் யார் என்பது அப்போது எனக்கு நிஜமான கேள்வி.

பிசியோதெரபிஸ்ட் சாந்தி, வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். வீட்டில் செய்ய வேண்டியது: ஒரு கிண்ணத்தில் இருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக மாற்றுவது. முடிந்ததும் திரும்ப மாற்றுவது. மூன்று வாரம் செய்தேன். இரண்டு விரலின் கிள்ளும் பலத்தை அளக்கும் மீட்டர் ஒரு கிலோவிலேயே நின்றது. கடலை கிண்ணம் மாறியதைத் தவிர உலகத்தில் எதுவும் மாறவில்லை. நான்காவது வாரம் சாந்தியிடம் கேட்டேன்.

"இதுல கடைசியா என்னங்க கிடைக்கும்?"

"ம்... சுண்டலுங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார், "முன்னாடி கைவேலை ஏதாச்சும் பண்ணுவீங்களா? பின்னல், எம்பிராய்டரி?"

"கார் பண்ணுவேன்."

பள்ளி கடைசி வருடத்தில் இருந்து கல்லூரி முடியும் வரை நான்கு மாடல் கார்கள் செய்திருந்தேன். நிஜக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும், பக்கத்திலேயே எண் இருக்கும். வெட்டி எடுத்து, வண்ணம் அடித்து, எண்படி ஒட்ட வேண்டும். முடித்த ஒவ்வொன்றையும் திருப்பி, அடித்தட்டில் மெல்லிய பேனாவால் கையெழுத்துப் போடுவேன். நான்கும் ஷோகேஸில் இருக்கின்றன. ஐந்தாவது, பழைய ரேலி பந்தயக் கார் ஒன்று, வேலைக்குச் சேர்ந்த மாதம் வாங்கியது. பிரிக்காமலே ஐந்து வருடமாகப் பரண் மேல் கிடந்தது. வேலையில் நாள் முழுவதும் பாகம் வரைந்தவளுக்கு வீட்டிலும் பாகம் வேண்டாம் போலிருந்தது.

சாந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத்தாங்க பண்ணோணும். வெட்டறதுல இருந்து எல்லாம் நீங்களே. பெருசா இருக்கற பீஸ்ல ஆரம்பிங்க."

அன்று மாலை அப்பாவிடம் பெட்டியை மட்டும் பரணில் இருந்து இறக்கி வைக்கச் சொன்னேன். சாந்தி சொன்னதையும் சொன்னேன். இங்கேதான் நான் தப்பு செய்தேன். 'நானே' என்ற சொல்லை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் பட்டறையில் போல்ட் நட்டு போட்டு வைக்கும் அறை அறையான டப்பா. அதில் என் கார். பாகங்கள் எல்லாம் வெட்டி எடுக்கப்பட்டு, அரம் போடப்பட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கப்பட்டு, அளவுவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பெரியவை ஒரு அறை, அதைவிடச் சிறியவை அடுத்த அறை.

அப்பா பக்கத்தில் கையைத் துடைத்தபடி நின்றார். "நேத்து மத்தியானத்துல இருந்து உக்காந்து முடிச்சுப்போட்டேன். தடவிப் பாரு கண்ணு, ஒரு பிசிறு இருக்காது."

"சட்டம் எங்கீங்கப்பா?"

"எந்தச் சட்டம்?"

"இதெல்லாம் ஒட்டிட்டு இருந்த சட்டம். நம்பர் போட்டிருக்குமே."

"அது ஸ்கிராப்பு. நறுக்கிப் பீப்பாய்ல போட்டாச்சு."

ஒரு கதவை எடுத்தேன். அதாவது எடுக்கப் பார்த்தேன், மூன்றாவது முயற்சியில் வந்தது. உள்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஒவ்வொரு பாகத்திலும் அரிசி நுனி போல ஒரு முளை இருக்கும். எதிர்ப் பாகத்தில் இருக்கும் குழிக்குள் அது போய் உட்கார்ந்தால்தான் பாகம் இடத்தில் நிற்கும்.

"இங்க சின்னச் சின்னதா நீட்டிட்டு இருந்துச்சுங்களே?"

"ஆமா, ஏகத்துக்கு இருந்துச்சு. என்ன அச்சு போட்டிருக்கானோ! எல்லாத்தையும் தேச்சு எடுத்தாச்சு."

நான் சத்தம் போடுகிறவள் அல்ல. அன்று போட்டேன். வரிசையாகத்தான் போட்டேன். "ஸ்பூனைப் புடிச்சீங்க. தண்ணியப் புடிச்சீங்க. செருப்பு மாட்டி உட்டீங்க. போனைக்கூட நீங்களே எடுத்துக் காதுல வெச்சீங்க. என்ற கையில மிச்சமிருந்தது இந்த ஒரு வேலைதானுங்கப்பா. அதையும் முடிச்சுப்போட்டீங்க!"

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் கண்ணு..."

"கஷ்டப்படறதுதானுங்கப்பா வைத்தியமே!"

அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நாந்தான் அப்பவே கேட்டனே, அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடுங்கன்னு" என்றாள். அவள் அப்படிக் கேட்கவே இல்லை என்பது அப்பாவின் முகத்திலேயே தெரிந்தது. அவர் கை துடைத்த துணியை மேசையில் வைத்தார். பட்டறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. லேத்தில் இருந்து விழும் இரும்புச் சுருளைப் போடும் பீப்பாய் முழுவதையும் அப்பா கொட்டித் தேடியிருக்கிறார். உள்ளே நறுக்கிய சட்டத் துண்டுகள். "நம்பர் எல்லாம் கெடச்சிருச்சு கண்ணு" என்றார். எண்கள் இருந்தன. பாகம் இல்லாத எண்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டையும் இடித்துவிட்டு, கதவு எண் பலகைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்த மாதிரி. எரிச்சல் எல்லை தாண்டி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விரல் நுனிகளில் இரும்புச் சுருள் கிழித்த கோடுகள் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

வழிமுறைத் தாள் மட்டும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதில் ஒவ்வொரு பாகத்தின் படமும் எண்ணும் உண்டு. ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, வெர்னியர் அளவுகோலில் நீளம் அகலம் அளந்து, படத்தோடு ஒப்பிட்டு, அது யார் என்று கண்டுபிடிப்பது. கணினியில் ஒரு அட்டவணை திறந்தேன். தொண்ணூற்று நான்கு வரிசை.

முதல் நாள் நான்கு பாகம். வெர்னியரை இடது கையில் பிடித்து, பாகத்தை வலது கையின் அந்த இரண்டு விரல்களால் அதன் வாய்க்குள் கொண்டுபோக வேண்டும். விழும். பொறுக்க வேண்டும். கட்டிலுக்கடியில் ஓடினால் டார்ச் அடித்துத் தேட வேண்டும். நான் சொல்லும் வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "ஊட்டக் கூட்டக் கூடாதாம். இனி மூச்சு உடறதுக்கும் கேக்கோணுமாட்ட இருக்குது" என்று அம்மா தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். கொண்டைக்கடலை என்றால் விழுந்தால் விட்டுவிடலாம். இது விழுந்தால் கார் ஒரு விளக்கோடுதான் ஓடும். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது என்று நினைக்கிறேன். இரண்டாம் வாரம் ஒரு நாளைக்குப் பதினொன்று வந்தது. பக்கக் கண்ணாடிகள் இரண்டில் எது இடது, எது வலது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது. அன்று மட்டும் அவற்றை எத்தனை தடவை எடுத்து வைத்தேன் என்று எண்ண மறந்துவிட்டேன். எண்ண மறந்தது நோய் வந்த பிறகு அதுவே முதல் தடவை.

அடுத்தது முளைகள். ஒவ்வொரு பாகத்திலும் துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியை வெட்டி முளையாக நட வேண்டும். விரல்களுக்கிடையில் வைத்து உருட்டும் கைத்துளைப்பான் அப்பாவிடம் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அரை நிமிசத்துல போட்டுத் தரட்டுங்களா?" மகளுக்கு 'ங்க' போட்டுக் கேட்டார். அவ்வளவு இறங்கி வந்திருந்தார்.

"வேண்டாங்கப்பா. கையைக் கட்டிட்டு உக்காருங்க."

கட்டிக்கொண்டார். துளை கோணலாகப் போகும்போதெல்லாம் அவர் தோள் என் துளைப்பானோடு சேர்ந்து சாயும். முதல் துளைக்கு நாற்பது நிமிடம் ஆனது. கோணல்தான். அடுத்ததும் கோணல்.

நான்காவது மாத மறுபரிசோதனையில் மீட்டர் மூன்று கிலோவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இடது கையின் பலத்தில் பாதிதான். டாக்டர் "நல்ல முன்னேற்றம்" என்றார். முழுதாக வருமா என்று கேட்டேன். இப்போதும் அவர் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பச் சம்மதம் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கார் முடிந்தது. ஒரு கதவு தலைமுடி அளவு மேலே தூக்கி நிற்கிறது, பித்தளை முளையின் கோணல். அதைத் திருப்பி, அடித்தட்டில் கையெழுத்துப் போட்டேன். பேனா விழவில்லை.

அப்பா வந்தார். பட்டறைக்காரர் எதையும் மேலே இருந்து பார்க்க மாட்டார். எடுத்ததும் திருப்பினார். கையெழுத்தைப் பார்த்தார். எழுந்து போய் ஷோகேஸில் இருந்து ஒரு பழைய காரை எடுத்து வந்து, அதையும் திருப்பி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் ஒரே இழுப்பில் போன கோடு, புதியதில் மூன்று இடத்தில் நின்று நின்று போயிருந்தது.

"இது உன்ற கையெழுத்தாட்ட இல்லியே கண்ணு."

"இனி இதுதானுங்கப்பா."

தலையை ஆட்டினார். காரை நேராக வைத்து, பழக்க தோஷத்தில் விரல் நுனியால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே வந்தார். பின்பக்கக் காற்றுத் தடுப்பில் விரல் நின்றது. எனக்கும் அந்த இடம் தெரியும். பசை வழிந்து காய்ந்த ஒரு சிறு மேடு. சட்டைப் பையில் கைவிட்டுச் சின்ன அரத்தை எடுத்தார். நான் எழுந்தே விட்டேன்.

"இங்க ஒரு பிசிறு இருக்குது" என்று சொல்லி, அரத்தின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.